புத்தி மாறிப்போச்சுங்கய்யா

அந்த ஸ்கேன் ஃபிலிம் என் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. சின்ன வக்கீலம்மா அதைப் பலமுறை கேட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும், "ஆபீஸ் மாத்துனப்ப எங்கயோ போயிருச்சுப்பா, தேடிப் பாக்குறேன்" என்றுதான் சொல்லிவருகிறேன். தேட வேண்டிய அவசியமே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் வந்துவிடும். கறுப்பு ஃபிலிமில் வரிசை வரிசையாக ஒரு மனிதனின் மண்டை, அப்பளம் அப்பளமாக வெட்டி அடுக்கினதுபோல. ஒவ்வொரு வட்டத்திலும் நெற்றிப் பக்கத்தில் ஒரு கறுத்த திட்டு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டுமாம். காட்டட்டும், யார் வேண்டாம் என்றது? என் பீரோவிலிருந்து எடுத்துத்தான் காட்ட வேண்டுமா?

பெரிய வக்கீலம்மா, சின்ன வக்கீலம்மா என்று எங்களுக்குப் பெயர் வைத்தது சீனியரின் குமாஸ்தா. எங்கள் சீனியர் மதுரையில் பேர்போன கிரிமினல் வக்கீல். அவரிடம் நான் ஜூனியராகச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து அவள் வந்தாள். அதுவரை நான் வெறும் வக்கீலம்மா. ஆபீஸில் ஒரே பெண். அவள் வந்த அன்றே குமாஸ்தா அண்ணன் டீக்காரரிடம், "பெரிய வக்கீலம்மாவுக்குச் சீனி கம்மி, சின்ன வக்கீலம்மாவுக்கு நல்லாப் போடு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. ஒரே நாளில் நான் வயசாளியாகி, சர்க்கரையும் கம்மியாகிப் போனேன். அவள் என்னவோ முதல் நாளிலிருந்தே என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத ஆட்களோடு காலம் தள்ளுவது எம்புட்டுக் கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் ஆசை என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வகுப்பில் நிற்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லாருமே பசுமலையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். அப்பா தமிழாசிரியர், அம்மா கணக்கு, அத்தைகள் இருவரும் ஆரம்பப் பள்ளி. சாப்பாட்டு மேசையில்கூட யாராவது யாருக்காவது பாடம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். வம்சத்திலேயே கறுப்பு அங்கி போட்டவள் நான் ஒருத்திதான், ஆனால் சாக்பீஸ் பிடிக்கிற ஆசை கையை விட்டுப் போகவில்லை. சட்டக் கல்லூரியில் பகுதிநேரமாகக் குற்றவியல் சட்டம் நடத்த வேண்டும் என்று சீனியரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதல்வர் அவருடைய பழைய சிநேகிதர். "அடுத்த இடம் காலியானா ஒன்னத்தான் சொல்லியிருக்கேன், பொறும்மா" என்று அவரும் சொல்லியிருந்தார். நானும் பொறுத்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, கொலைக்கும் கொலையாகாத மரணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நடத்திப் பார்த்ததும் உண்டு. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பிரசன்ட் மேடம்" என்பார்.

அப்போதுதான் சோழவந்தான் வழக்கு வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. என் கையில் முழுசாகக் கொடுக்கப்பட்ட முதல் கொலை வழக்கு அது. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிற ஒருவர், தண்ணீர் பாய்ச்சுகிற முறை யாருடையது என்ற பேச்சில், மண்வெட்டியால் கூடப்பிறந்த தம்பியை ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டார். தம்பி அங்கேயே முடிந்தார். இவர் ஓடவில்லை, ஒளியவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, பின்னாலேயே ஓடிவந்த மனைவியிடம் "சோறு வை" என்றாராம். போலீஸ் கேட்டபோது, "ஆமா, நான்தான் அடிச்சேன், தப்புதான்" என்றும் சொல்லியிருக்கிறார். ஊரே சொன்னது, அந்த மனிதர் அதற்கு முன்னால் யாரையும் சத்தம்போட்டுக்கூடப் பேசியதில்லை என்று. ஒரு வருஷத்துக்கு முன்னால், கொடி கட்டும்போது ஏணி சறுக்கி, வாய்க்கால் கல்லில் நெற்றி மோதி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். வேலையும் பார்த்தார், வெற்றிலையை நூறு நூறாகக் கவுளி கட்ட எண்ணுவதிலும் தப்பு வரவில்லை. ஆனால் ஆள் வேறு ஆளாகிவிட்டார். இழவு வீட்டில் சிரித்தார், பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூடாத வார்த்தை சொன்னார்.

அவர் மனைவி ஒரு மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்ததுதான் இந்த ஃபிலிம். விழுந்து பல மாதம் கழித்து எடுத்தது. நான் அதை ஆபீஸ் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சீனியர் பார்க்க, ரொம்ப யோசிப்பதுபோல நின்றேன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல். "அக்கா, பேரெல்லாம் கண்ணாடியில தெரியுற மாதிரி இருக்கு பாருங்க. திருப்பிப் பிடிச்சிருக்கீங்க." சின்ன வக்கீலம்மா என் கையிலிருந்து ஃபிலிமை வாங்கி, திருப்பி, நெற்றிப் பக்கத்துத் திட்டைச் சுண்டுவிரலால் காட்டினாள். "இந்த இடம் செத்துப்போச்சு. கையும் காலும் நல்லாத்தான் இருக்கும். ஆனா கோவம் வந்தா நிறுத்துறதுக்கு ஆள் இல்ல." சீனியர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். நான் ஏதாவது சொன்னால் அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்கிறவர். அன்றைக்கு எழுந்து வந்தார்.

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். அவள் சௌராஷ்டிர வீட்டுப் பெண். அப்பாவுக்குச் சேலை வியாபாரம். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கடையை விட்டு அப்பா நகர முடியாது என்பதால் பள்ளிக்கூடப் பருவத்திலிருந்தே நரம்பு டாக்டரிடம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது இவள்தான். அந்த வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்தே வளர்ந்தவள். டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி விளக்க, கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டாள். அந்தப் படிப்புக்கு அந்த வீடு என்ன விலை கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அவள் அண்ணனைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தலைவலி தவிர வேறொன்றும் வந்ததில்லையே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதைத்தான் சொல்கிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் மருத்துவ மாணவர்கள் படிக்கிற மூளைப் புத்தகம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, அட்டை போட்டு மறைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் லத்தீன். நரம்பு டாக்டரிடம் போய்ச் சாட்சி சொல்ல வரும்படி கேட்டேன். "கோர்ட்டு வாசல்ல காத்துக்கெடக்க எனக்கு நேரம் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார். மறுவாரம் அதே டாக்டரிடம் அவள் போனாள். வருகிறேன் என்றார். அது மட்டுமா, டீ வேறு வாங்கிக் கொடுத்தாராம். அதையும் வந்து கள்ளம் இல்லாமல் என்னிடமே சொன்னாள்.

வழக்கின் சிக்கல் இதுதான். சித்தசுவாதீனம் இல்லாதவர் செய்தது குற்றமாகாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் யாரைச் சொல்கிறது? செய்கிறது என்னவென்றோ, அது தப்பென்றோ தெரியாத நிலையில் இருப்பவரை. நம்ம ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. தப்புதான் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் பழைய அந்தச் சட்டத்தை எழுதினவர்கள் காலத்தில் மண்டையைத் திறக்காமல் உள்ளே பார்க்க முடியாது. தெரிவது ஒரு வேலை, அடக்குவது இன்னொரு வேலை, இரண்டும் மூளையில் ஒரே இடம் இல்லை என்று அவர்கள் எங்கே கண்டார்கள்? எங்கள் சட்டப் படிப்பிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மனம் என்று வருகிற இடத்திலெல்லாம் 'குற்ற மனம்' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டுப் போனவர்கள் நாங்கள்.

அவர் மனைவி போலீஸ் தரப்புச் சாட்சியாக ஏறினார். சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர்தான். குறுக்கு விசாரணை என்னுடையது. நான் ஒரு வாரம் எழுதி எழுதி அடித்துத் தயாரித்த கேள்விகள். "ஒங்க வீட்டுக்காரரு ஏணியில இருந்து விழுறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாரு, விழுந்த பிறகு எப்படி இருந்தாரு, அய்யாவப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அந்தம்மா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "விழுந்ததுல இருந்து அவுகளுக்குப் புத்தி மாறிப்போச்சுங்கய்யா" என்றார். அங்கே சாட்சி தமிழில் சொல்லுவார், நீதிபதி அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிப்பார். நீதிபதி சாவகாசமாகச் சொன்னார்: "ஆஃப்டர் தி ஃபால், மை ஹஸ்பண்ட் சேஞ்ஜ்ட் ஹிஸ் மைண்ட்." டைப் மெஷின் டக டகவென்று ஓடியது. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தமிழாசிரியர் மகள் நான், காதில் வாங்கிக்கொண்டே போய்விட்டேன்.

பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம். "அய்யா, மன்னிக்கணும். சாட்சி அப்படிச் சொல்லல." சின்ன வக்கீலம்மா எழுந்து நின்றுவிட்டாள். ஜூனியருக்கு ஜூனியர் நடுவில் எழுந்து பேசுவது அந்தக் கோர்ட்டில் நடக்கிற காரியமா? அரசு வக்கீல், "இதென்னய்யா புதுப் பழக்கம்" என்றார். நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "மனசு மாறுனாலும் புத்தி மாறுனாலும் ஒண்ணுதானம்மா?" என்று கேட்டார். அவள் நிறுத்தவில்லை. "இல்லங்கய்யா. எங்க வீட்டுல தமிழ் பேச மாட்டோம். ஒவ்வொரு வார்த்தையும் நான் வெளியில கேட்டுப் படிச்சது, அதனால எனக்குக் காதுல இடிக்குது. மனச மாத்திக்கிட்டாருன்னா அவரே யோசிச்சு மாத்திக்கிட்டாருன்னு ஆயிரும். கொலைக்குத் திட்டம் போட்ட மாதிரி ஆயிரும். இவங்க சொன்னது புத்தி மாறிப்போச்சுன்னு. அவரு மாத்தல. அது மாறிப்போச்சு." நீதிபதி டைப்பிஸ்டிடம் அந்த வரியை நீக்கச் சொல்லிவிட்டு, சாட்சி சொன்ன வார்த்தையைத் தமிழிலேயே போடச் சொன்னார்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? என் வாய்க்குள் இருக்கிற நாக்கை இன்னொருத்தி எடுத்துப் பேசியதுபோல இருந்தது. மூளை விஷயம் அவளுக்குத் தெரியும், சரி, விட்டுவிடலாம். தமிழுமா? அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணை ஒருநாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். கூட்டிக்கொண்டு போகவே இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் வந்து சாட்சி சொன்னார், ஃபிலிம் ஒரு பிரதி கோர்ட்டில் சான்றாகக் குறிக்கப்பட்டது, மற்றொரு பிரதி ஆபீஸில் கேஸ் கட்டுக்குள் தங்கியது. கடைசி வாதத்துக்கு முதல் நாள் சீனியர் இருவரையும் கூப்பிட்டு, "மூளை சம்பந்தப்பட்டதச் சின்னவ பேசட்டும். மிச்சத்த நீ பேசு" என்றார். மிச்சம்! என் வழக்கில் எனக்கு மிச்சம். அவள் பேசியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் பேசினாள், பாழாய்ப்போகிறவள். "தெரியுறது வேற, அடக்குறது வேற" என்று அவள் சொன்னபோது நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தீர்ப்பில் சித்தசுவாதீனம் இல்லை என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் கொல்ல வேண்டும் என்ற நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று கொலைப் பிரிவை எடுத்துவிட்டுக் குறைந்த பிரிவில் தண்டித்தார்கள். ஆயுள் தண்டனை வர வேண்டிய இடத்தில் சில வருஷத் தண்டனையோடு போயிற்று. அந்த அம்மா வராந்தாவில் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். முதலில் அவள் கையைத்தான் பிடித்தார்.

கல்லூரி முதல்வரும் அந்த வாதத்தைக் கேட்டிருக்கிறார். வேறு வேலையாகக் கோர்ட்டுக்கு வந்தவர் பின்னால் நின்று கேட்டாராம். அடுத்த வருஷம் இடம் காலியானபோது சீனியர் சொன்ன பெயர் என்னுடையதுதான். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் முதல்வர், "அந்தச் சின்னப் பொண்ணக் குடுங்க. குற்றவியல் சட்டம் யாரு வேணும்னாலும் நடத்துவாங்க, இதை யாரு நடத்துறது" என்றிருக்கிறார். இந்தச் செய்தியை எனக்குக் கொண்டுவந்தது அவளேதான். "நீங்க வேணாம்னு சொல்லுங்கக்கா, நான் போகல" என்று கண்ணில் நீரோடு நின்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல விடுகிற முகமா அது? "போய்ட்டு வா" என்றேன். "வாரேன்க்கா" என்று போனவள் பகுதிநேரம் முழுநேரமாகி, மேல்படிப்பு முடித்து, இன்றைக்குப் பேராசிரியை.

இதற்கிடையில் காலமும் அவள் பக்கமே ஓடியது. மூளை அலைகளை வைத்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம், ஊசி போட்டால் உண்மை வந்துவிடும் என்றெல்லாம் பத்திரிகையில் வந்து, டீக்கடை வரைக்கும் பேச்சானது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் அதைப் பற்றிப் பேச அவள் உட்கார்ந்திருந்தாள். ஹைகோர்ட் கிளை மதுரைக்கே வந்த பிறகு, சென்னைக்கு ரயில் ஏறாமலே நான் அப்பீல் வழக்குகள் நடத்தினேன், பெயரும் எடுத்தேன், காசுக்கும் குறைவில்லை. என்ன பிரயோஜனம்? அங்கே எனக்கு எதிரில் வாதாட வருகிற சின்னப் பையன்கள், "எங்க மேடம் சொல்லுவாங்க" என்று தொடங்கும்போது அது நான் இல்லை.

போன மாதம் போன் செய்தாள். "அக்கா, வியாழக்கிழமை நம்ம சோழவந்தான் கேஸ வகுப்புல எடுக்கப் போறேன். நீங்க வந்தே ஆகணும்." வியாழக்கிழமை காலையில் பீரோவைத் திறந்தேன். இவ்வளவு வருஷம் ஆச்சு, இனி என்ன, கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. ஃபிலிமை அட்டையோடு எடுத்துப் பெரிய கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் படம் இல்லாததால் அவள் சாக்பீஸால் போர்டில் ஒரு மண்டையை வரைந்தாள். கோணல் மாணலாக, ஊதின பூரி மாதிரி. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கண்ணாடி போட்ட ஒரு மாணவி எழுந்து, "அப்படிப் பார்த்தா எல்லாத் தப்புக்கும் மூளைதான் காரணம்னு தப்பிச்சிரலாமே மேடம்?" என்று கேட்டாள். சின்ன வக்கீலம்மா சொன்னாள்: "அதான் ஜாக்கிரதையா இருக்கணும்ங்கறது. படம் அடிபட்ட இடத்தைக் காட்டும். அந்த நிமிஷம் அவர் என்ன நெனச்சாருன்னு எந்தப் படமும் காட்டாது. படத்தை மட்டும் நம்பி யாரையும் விடவும் கூடாது, உள்ள தள்ளவும் கூடாது. அந்த வழக்குல படத்தைவிடப் பெருசு ஒரு கேள்வி. விழுறதுக்கு முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு கேட்ட கேள்வி. அதைக் கேட்டவங்க அங்க உக்காந்திருக்காங்க." எல்லாத் தலையும் திரும்பியது. "அக்கா, நீங்களே வந்து சொல்லுங்க."

போனேன். சாக்பீஸை வாங்கினேன். போர்டில் 'மாற்றினான்' என்று ஒரு பக்கமும் 'மாறிப்போயிற்று' என்று ஒரு பக்கமும் எழுதினேன். பிறவினை, தன்வினை. அப்பா எட்டாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம்தான். செய்கிறவன் இருக்கிற வினையில் சட்டத்துக்கு வேலை இருக்கிறது, செய்கிறவனே இல்லாமல் நடந்துவிடுகிற வினையில் சட்டம் என்ன செய்யும் என்று நடத்தினேன். சின்ன வக்கீலம்மா முன்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். இந்த இலக்கணப் பெயர்கள் அவளுக்கு நினைவில் இல்லையாம். மணி அடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். விரலில் ஒட்டின சாக்பீஸ் தூளைத் துடைக்க மனசு வராமல் அப்படியே நின்றேன். அவளுக்கு அடுத்த மணியில் அடுத்த வகுப்பு. எனக்கு ஆட்டோ.

வாசல்வரை கூடவே வந்தாள். "அம்புட்டு அழகா நடத்துனீங்கக்கா. ஆமா, அந்த ஃபிலிம் கெடச்சுச்சா? அடுத்த பேட்ச்சுக்காவது காட்டலாம்." கைப்பை என் தோளில்தான் தொங்கியது. அட்டையின் முனை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. "இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்ப்பா" என்றேன். "அவசரம் இல்லக்கா" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல், ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இந்த முறை சரியாகத்தான் பிடித்திருந்தேன். பேரும் எழுத்தும் நேராகத் தெரிந்தன. நெற்றிப் பக்கத்தில் அந்தத் திட்டு இருந்தது. அது அந்த மனிதருடையது. அவரும் தண்டனை முடிந்து வந்து, சில வருஷம் இருந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். என் மண்டைக்குள் அப்படி ஒரு திட்டும் கிடையாது. நான் ஏணியில் ஏறவும் இல்லை, விழவும் இல்லை. கொடுக்கத்தான் எடுத்துக்கொண்டு போனேன், கொடுக்காமல் கொண்டுவந்தேன். எந்தக் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் சொல்லுவேன், ஆங்கிலத்தில் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்: எனக்குப் புத்தி மாறிப்போகவில்லை. மனசை நான்தான் மாற்றிக்கொண்டேன்.